அளவு தெரியாமல் ஊதிய சைரன்

அந்த வருடம் மட்டக்களப்பில் எங்கள் தெரு இரண்டு தரம் கல்லடிப் பாலத்தை நோக்கி ஓடியது. இரண்டு தரமும் கடல் வரவில்லை. சைரன் மட்டும் ஊதியது. அதை ஊதச் செய்யும் கணினிகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டிருந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். அதனால் கடல் வராமல் போனதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல அயலவர்கள் என்னைப் பார்த்தார்கள். நானும் வேலிக்கு வேலி நின்று பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே ஒன்றும் தெரியாது என்பதுதான் தெளிவாகிக்கொண்டு போனது.

கடல் உண்மையாக வந்தது அதற்கு முன்பு, சுனாமியில். அன்று நாவலடியில் என் மனைவியின் தங்கை போனாள். எங்கள் வீட்டில் மூன்று அறைகளில் இரண்டு மிஞ்சின. அதன் பிறகு புளியந்தீவில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். கல்லடிக்குத் திரும்பலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் மனைவி கையிலிருந்த வேலையைத் தொடர்ந்து செய்தாள். கடற்கரையோரம் நான்கு சைரன் கம்பங்கள் நட்டார்கள். அதில் ஒன்று எங்கள் வேலியிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நின்றது. அதைக் கண்ட பிறகுதான், "சரி, போவம்" என்றாள். வீட்டை நம்பி அவள் வரவில்லை. என்னை நம்பியும் வரவில்லை. அந்தக் கம்பத்தை நம்பி வந்தாள்.

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று செய்து கொடுத்த ஏற்பாடு அது. வாவி கடலில் விழும் முகத்துவாரத்தில் நீர்மட்டம் அளக்கும் மிதவை ஒன்று. அது புளியந்தீவில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருந்த எங்கள் அறைக்கு வானொலி வழியாக ஐந்து செக்கனுக்கு ஒரு தரம் ஓர் எண்ணை அனுப்பும். மேல்மாடிக் கணினி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லையைத் தாண்டினால் நான்கு சைரன்களையும் ஊதும்.

ஆனால் எல்லை எது என்று மேல்மாடிக் கணினிக்குத் தானாகத் தெரியாது. அது கீழ்மாடிக் கணினியில் ஓர் அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. ஏன் இப்படி இரண்டு இடம் என்று வெளியூரார் கேட்பார்கள். மாரியில் எங்கள் வாவி நிரம்பும். மேற்கே வட்டை வயல்களுக்குள் தண்ணீர் ஏறி வேளாண்மை அழுகத் தொடங்கும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிடுங்கள் என்று விவசாயிகள் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். வெட்டினால் மட்டம் இறங்கும். பிறகு மணல் வந்து மூடும். மாரியில் சாதாரணமான மட்டம் கோடையில் பயப்பட வேண்டிய மட்டம். ஆகவே எல்லையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றுகிறவர்கள் கீழ்மாடி அலுவலகத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு மாடிப்படி ஏறுவதில் விருப்பமில்லை. எனவே மேலே உள்ள நிரல், தொடங்கும்போது ஒரு தரம் கீழே கேட்டு எல்லையை வாசித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள்.

நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி ஏழு வருடம் பாடசாலையின் கணினிக் கூடமும் என் பொறுப்பில் இருந்ததால் இந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். மற்றவர் ஒரு பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்த இந்த ஊர்க்காரர், என் வயதுக்காரர், பட்டறை வைத்திருந்தவர். ஊர் முழுக்க அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடும். ஜெனரேட்டர், வயர், பேட்டரி எல்லாம் அவர் பொறுப்பு. நிரல் என் பொறுப்பு. காவல் மட்டும் ஒருவர் விட்டு ஒருவர், முறை வைத்துப் பார்த்தோம்.

கரண்ட் அடிக்கடி போகும் காலம். கணினிகளைத் தாங்க வேண்டிய பேட்டரிகள் பழுதாகிவிட்டன. புதியவை கொழும்பிலிருந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டன. பேட்டரி என்றால் யாருக்கு, எதற்கு என்று நூறு கேள்வி. ஆகவே கரண்ட் போகும்போதெல்லாம் இரண்டு கணினிகளும் செத்தன. சுவிட்சை அணைத்து வைக்காவிட்டால், கரண்ட் வந்தபோதெல்லாம் தாமாகவே மறுபடி எழுந்தன.

முதல் தரம் ஊதியது ஒரு காலை நேரம். மனைவி உலையை இறக்காமல் ஓடினாள். கல்லடிப் பாலம் அப்போது பழைய இரும்புப் பாலம், ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம். அதில் எத்தனை பேர் என்று எண்ண முயன்று எனக்குத் தலை சுற்றியது. பாலத்துக் காவல் சென்ட்ரியில் நின்ற ஆமிக்காரர்களும் எங்களோடு சேர்ந்து ஓடினார்கள். அக்கரையில் போய் நின்று எல்லோரும் கடலைத் திரும்பிப் பார்த்தோம். அது தன் பாட்டில் கிடந்தது. அன்று சிரிப்பும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கையில் ஒரு முட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

"முட்டைய என்னத்துக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"எனக்கென்னகா தெரியும்? கையில இருந்த. உங்கட மனிசன் ஊதின உடனே ஓடி வந்தன்."

"அவர் ஊதல்ல. அவரட பெட்டி ஊதின."

இரண்டாம் தரம் சிரிப்பு இல்லை. போர் மூண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் நாள் முழுக்க எறிகணைச் செல் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்தப் பக்கத்துச் சனம் வாவியைக் கடந்து வந்து பாடசாலைகளில் நிரம்பியிருந்தது. ஒரு பின்னேரம், கரண்ட் வந்த கையோடு சைரன் ஊதியது. கடல் கிழக்கே, செல் மேற்கே. எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பழக்கத்தில் பாலத்துக்கு ஓடினார்கள். இந்தத் தரம் சென்ட்ரியில் இருந்தவர்கள் ஓடவில்லை. கூட்டத்துக்குள் யாரோ தங்களைத் தாக்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தடையைப் போட்டுவிட்டுத் துவக்கை நீட்டினார்கள். முன்னால் துவக்கு. பின்னால் கடல் வருகிறதென்று நம்பிய சனம். என் மனைவி தடைக்கம்பியில் நெஞ்சு அழுந்தி நின்றாள். சைரன் அடங்கியபின் சனம் மெதுவாகப் பின்வாங்கியது. ஒருவருக்கும் சூடு படவில்லை. அன்று புளியந்தீவில் வேறு வேலையாக இருந்த நான் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது அவள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

குசினியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "அது பொய் சொல்லுது. இன்னொருக்காப் பொய் சொன்னா நான் கொழும்புக்கு, வெள்ளவத்தை அண்ணனிட்டப் போறன்."

"ஊரில கழட்டிப்போடச் சொல்றாங்க. நிறுவனத்துப் பொறுப்பாளரும் சொல்லிட்டார். மாத முடிவுக்குள்ள பிழையக் கண்டுபிடிக்காட்டி நாலு கம்பத்தையும் இறக்கிறதாம்."

"இறக்கினாலும் போறன். அது இல்லாம இந்த வீட்டில ஒரு நாளும் இருக்கமாட்டன்."

பொய் சொன்னாலும் போவாள், இல்லாவிட்டாலும் போவாள். மிச்சம் இருந்தது ஒரே வழி. அது உண்மை சொல்ல வேண்டும். போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் வீட்டில் எனக்கு இடம் இருக்கும், ஆனால் நான் அங்கே என்ன செய்வேன்? பஸ்களை எண்ணிக்கொண்டு இருப்பேன்.

ஊரில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. இரண்டு தரமும் ஊதியது பாஸின் முறையில். என் முறையில் ஒரு தரமும் ஊதவில்லை. அவருடைய கை சரியில்லை என்றார்கள். அவரும் அதை மறுக்காமல், தேநீர்க் கடையில் கையை நீட்டி, "பாருங்க, சனி இந்த விரல்லதான் இரிக்கார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் என்னோடு தனியே இருக்கும்போது பகிடி விடமாட்டார். எதையாவது தொட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, "கரண்ட் வந்த, போட்டன், ஊதின. அவ்வளவுதான் வாத்தியார்" என்றார். அதையே மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் எழுந்து போய்விட்டார்.

நிரலை எழுதியவர் எங்கள் மாவட்டத்துக் கிரானில் பிறந்து கொழும்பில் வேலை பார்த்த ஒரு பொறியியலாளர், முப்பது வயதுப் பெண். வர முடியாது, பாதை அப்படி. தொலைபேசியில்தான் பேச்சு. அவருடைய தாய் தகப்பனும் அப்போது கிரானை விட்டு வெளிக்கிட்டு ஓர் உறவினர் வீட்டில் இருந்தார்கள். முதலில் அவர்களைப் பற்றிக் கேட்பார், பிறகு நிரலைப் பற்றி.

"சேர், நான் இஞ்ச எத்தனையோ தரம் போட்டுப் பார்த்துட்டன். ஒரு பிழையும் வரல்ல."

"எனக்கும் வரல்ல புள்ள."

"அப்ப வயர்லதான் பிரச்சினை."

"வயர் எண்டு பாஸுக்குச் சொன்னா வயராலயே என்னக் கட்டிப்போடுவார்."

சைரன்களுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மின்குமிழை மாட்டினோம். பிழை வந்தால் குமிழ் எரியும், ஊர் ஓடாது. பிறகு கணினிகளை நிறுத்தி நிறுத்தித் தொடங்கினேன். கரண்ட் வந்தவுடன் மட்டக்களப்பில் யாரும் எதையும் போடுவதில்லை. முதலில் வரும் கரண்ட் துள்ளும். குளிர்சாதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் அப்படிப் பறிகொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஆகவே கரண்ட் போனால் நான் இரண்டையும் அணைத்துவிடுவேன், வந்து நிலைத்தபின் முதலில் கீழ்மாடிக் கணினியைப் போட்டு, அது தாங்குகிறதா என்று நூறு வரை எண்ணுவேன், பிறகு மேலே போய் மற்றதைப் போடுவேன். சோதனையிலும் அப்படித்தான் செய்தேன். இருபத்திரண்டு தரம் செய்தேன். குமிழ் எரியவில்லை. எரியாத ஒவ்வொரு தரமும் மறுபடி கீழே இறங்கினேன். எரிந்தால்தானே காரணம் தெரியும்.

பாஸ் வாசற்படியில் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியார், நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள எனக்கு இரண்டாவது தரம் பசிக்குது."

"நீங்க எப்பிடிப் போடுவீங்க?"

"நான் என்னத்துக்கு எண்ணுறன்? கரண்ட் துள்ளினாத் தாங்கிறதுக்கு ஒரு பெட்டி பூட்டி வச்சிருக்கிறன் எல்லோ."

கையைச் சாரத்தில் துடைத்தார், எழுந்து வந்தார், கட்டடத்தின் பிரதான சுவிட்சை இழுத்து நிறுத்திப் பத்துச் செக்கனில் மறுபடி தள்ளினார். கீழும் மேலும் ஒன்றாக எழுந்தன. நாங்கள் படி ஏறி மேலே போய்ச் சேர்ந்தபோது குமிழ் எரிந்துகொண்டிருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ட விரல்ல சனியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நீங்க எண்ணி எண்ணி அதை ஒளிச்சு வச்சிருக்கிறீங்க வாத்தியார்!"

மறுபடி செய்தோம். சிலவேளை எரிந்தது, சிலவேளை எரியவில்லை. பத்தில் மூன்று என்று கணக்கு வந்தது, பிறகு பத்தில் ஐந்து, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒழுங்கின்மைதான் என்னை மிகவும் அலைக்கழித்தது. எப்போதும் எரிந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நடந்ததை இப்படி விளக்கலாம். பரீட்சை விடைத்தாள் திருத்தும் மண்டபத்தில் ஒருவர் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். விடைத்தாள் கட்டு மேசைக்கு வந்துவிட்டது. எந்த விடைக்கு எத்தனை என்று சொல்லும் புள்ளித்திட்டம் இன்னும் வரவில்லை, கீழே எங்கோ பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் என்றால் பேனாவை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். எங்கள் நிரல் போகவில்லை. புள்ளித்திட்டம் இருக்க வேண்டிய இடத்தில் வெறுந்தாள் இருந்தது. வெறுந்தாளையே திட்டமாக எடுத்துக்கொண்டு திருத்தத் தொடங்கிவிட்டது. நிரலுக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கின. ஒன்று கீழே கேட்டு எல்லையை வாசிப்பது. மற்றது முகத்துவாரத்து எண்ணைப் பார்ப்பது. வாசிப்பு முந்தினால் எல்லாம் சரி. பார்வை முந்தினால் அப்போது எல்லை பூச்சியம். வாவியில் பூச்சியத்துக்கு மேல் தண்ணீர் எப்போதும் இருக்கும். ஆகவே சைரன்.

கொழும்புப் பொறியியலாளருக்கு எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ரேஸ் கண்டிஷன்," என்றார். "சேர், எல்லைக்குத் தொடக்கத்தில பூச்சியம் போட்டு வச்சன். எப்பிடியும் கீழ இருந்து வாசிக்கும்தானே எண்டு. இஞ்ச என்ட மேசையில ரெண்டும் ஒரே கொம்பியூட்டர். கேட்ட உடனே கிடைச்சிரும். அங்க ஒண்டுக்கொண்டு போட்டி போடுதுகள்."

"இப்ப என்ன செய்யிற?"

"பார்க்கத் தொடங்கிறதுக்கு முதல் முப்பது செக்கன் நிக்கச் சொல்லுவம்."

"முப்பது காணாது. நூறு வைப்பம்."

"சரி, நூறு வையுங்க சேர். உங்கட நூறு ராசியான நூறுதானே."

அந்த ஒரு வரியை நிரலில் சேர்த்தோம். பாஸ் சுவிட்சை இழுத்து இழுத்துத் தள்ளினார். நாற்பது தரம் குமிழ் எரியவில்லை. நான் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய், பிழையைக் கண்டுபிடித்தோம், திருத்திவிட்டோம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் அன்று மீன் பொரித்தாள்.

மறுநாள் நகரத்தில் கரண்ட் வந்து, உடனே போய், மறுபடி வந்தது. அரைகுறையாக எழும்போது அடி வாங்கிய கீழ்மாடிக் கணினி, இந்தத் தரம் எழுந்தவுடன் தன் வன்வட்டைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு நூற்றுவீதக் கணக்கு ஊர்ந்தது. மேலே நிரல் நூறு செக்கன் ஒழுங்காக நின்றது. பிறகு பார்க்கத் தொடங்கியது. எல்லை இன்னும் பூச்சியம். குமிழ் எரிந்தது.

சைரன் இணைப்பு இன்னும் கழற்றித்தான் இருந்தது. யாரும் ஓடவில்லை. ஆனால் நான் அந்தக் குமிழின் கீழ் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். இருநூறு வைத்தால்? வட்டுச் சோதனை அதற்கும் நீளும். அறுநூறு வைத்தால்? இன்னொரு நாள் அதையும் தாண்டும். எந்த எண்ணைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய தாமதம் ஒன்று எங்கோ இருக்கும். தாமதத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க இன்னொரு பயம். பத்து நிமிடம் நிற்கச் சொன்னால், பத்து நிமிடம் கடலை யாரும் பார்க்கவில்லை. எண்களோடு வாழ்ந்தவன் நான். எந்த எண்ணும் உதவாது என்ற இடத்தில் உட்கார்ந்திருப்பது உடம்புக்கே ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன்.

"இருங்க வாத்தியார், பலகை தேயுது," என்றார் பாஸ்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலில் நின்றாள். என் நடையைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

"நேத்துச் சரி எண்டீங்க."

"நேத்துச் சரியாத்தான் இருந்த."

"அப்ப இப்ப அது என்ன செய்யுது? ஊதுமா, ஊதாதா?"

"ஊதாது. இணைப்பைக் கழட்டி வச்சிருக்கிறம்."

"எப்ப இருந்து?"

சொன்னேன். அவள் வேலிக்கு அப்பால் கம்பத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அந்தக் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அவள் கிணற்றடிக்குப் போனாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "சும்மா நிண்டாலும் கம்பம் அப்பிடித்தான் இரிக்கும். முழிச்சிருந்தாலும் அப்பிடித்தான் இரிக்கும். கடல் வரல்ல எண்டு சத்தமில்லாம இரிக்குதா, கண்ண மூடிட்டுச் சத்தமில்லாம இரிக்குதா? அதச் சொல்லத் தெரியாத சாமான் எனக்கு வேணாம்." உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். பையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அதில் எதையும் போடவில்லை, ஆனால் திரும்ப உள்ளே வைக்கவுமில்லை.

பை கட்டிலில் திறந்தபடி கிடந்த நாட்களில்தான் நாங்கள் நிரலைச் சரியாகத் திருத்தினோம். இரவு உறங்கும்போது என் கால் பக்கம் அந்தப் பை கிடந்தது.

கொழும்புக்காரிக்கு நான் சொன்னேன்: "எண்ண வேணாம் புள்ள. கேட்கச் சொல்லுங்க. வாசிச்சு முடிஞ்சுதா எண்டு கேட்கட்டும். முடிஞ்சுது எண்டு மறுமொழி வந்தாத்தான் பார்க்கத் தொடங்கலாம். அது ஒரு செக்கனோ ஒரு மணித்தியாலமோ."

"நானும் அதத்தான் ராத்திரி எழுதினன் சேர்," என்றார். "பூச்சியத்தையும் எடுத்துட்டன். இப்ப எல்லைக்குத் தொடக்கத்தில ஒண்டும் இல்ல. ஒண்டும் இல்லாததோட எதையும் ஒப்பிட ஏலாது. ஒப்பிடப் போனா நிரல் நிண்டு, எனக்குத் தெரியாது எண்டு சொல்லும்."

இன்னொன்றையும் அவரே பிடித்தார். வாசிப்பு பாதியில் அறுந்தால் எல்லையின் முதல் இலக்கம் மட்டும் வந்து சேரக்கூடும். அது பூச்சியத்தைவிட மோசம், ஏனென்றால் பார்ப்பதற்கு உண்மையான எண்போலவே இருக்கும். ஆகவே கோப்பின் கடைசி வரியாக 'முற்றும்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தோம். அந்தச் சொல் வந்து சேராவிட்டால் முன்னால் வந்தது எதையும் எடுக்கக்கூடாது. கீழே இருந்தவர்களுக்கும் ஒரு கட்டளை: எல்லையை மாற்றும்போது பழைய கோப்பின்மேல் எழுதக்கூடாது. புதிதாக ஒன்றை முழுமையாக எழுதிவிட்டு, பிறகு பழையதன் இடத்தில் அதை வைக்க வேண்டும். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு இலக்கத்தை மாற்ற இவ்வளவு வேலையா என்றார்கள். ஓம், இவ்வளவு வேலைதான் என்றேன்.

மனைவியின் கேள்வியைப் பாஸிடம் சொன்னேன்.

"கம்பத்தில ஒரு லைட்டுப் பூட்டுவம்," என்றார். "நிரல் வாசிச்சு முடிச்சிட்டுப் பார்த்துக்கொண்டிரிக்கு எண்டா பச்சை. அந்தச் செய்தி வராட்டி, என்ன காரணமா இருந்தாலும் சரி, மஞ்சள். சின்ன மோட்டார்சைக்கிள் பேட்டரி காணும். அது என்னட்டப் பழசு நாலு கிடக்கு."

விளக்குகளைப் பூட்டிய பிறகு அறையில் ஒருவரைத் தொலைபேசியோடு நிறுத்திவிட்டு முகத்துவாரத்துக்குத் தோணியில் போய் மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தோம். குமிழ் எரிந்தது. கீழே விட்டோம், அணைந்தது. பிறகு பாஸ் சுவிட்சை இழுத்துத் தள்ளினார், பாதியில் இழுத்தார், வட்டுச் சோதனை வரும்வரை வேண்டுமென்றே இழுத்தார். எத்தனை தரம் என்று இந்தத் தரம் நான் எண்ணவில்லை, எண்ணினால் நம்பிவிடுவேன் என்று பயந்தேன். குமிழ் எரியவில்லை. மஞ்சள் வந்தது, நின்றது, பச்சையானது. சைரன்களை மறுபடி இணைத்தோம். மாத முடிவுக்குப் பொறுப்பாளர் வந்தார், தானும் சுவிட்சை இழுத்துப் பார்த்தார், கம்பங்கள் இருக்கட்டும் என்றார்.

ஊர் சந்தோசப்படும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. முன்பு கம்பம் சும்மா நின்றது, சனம் நம்பியது. இப்போது நாளுக்கு மூன்று நாலு தரம் மஞ்சள் எரிந்தது. முட்டைக்காரி வேலியால் எட்டிப் பார்த்து, "இவ்வளவு நேரமும் இது பார்க்காமலா கிடந்த?" என்று கேட்டாள். ஓம் என்றேன். முன்பும் இவ்வளவு நேரம் பார்க்காமல்தான் கிடந்தது, உங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் இல்லை. கரண்ட் போகும் ஒவ்வொரு தரமும் எங்கிருந்தாலும் நான் எழுந்து நின்றேன். மற்ற மூன்று கம்பங்களின் நிறம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை உட்காரமாட்டேன்.

மனைவி மட்டும் மஞ்சளைக் குறை சொல்லவில்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். கடற்கரை மணல் தொடங்கும் இடத்தில் நின்றாள். பச்சையானதும் வந்தாள். அடுத்த தரமும் போனாள். பையை எப்போது அலுமாரியில் வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கால் நீட்டியபோது கட்டிலில் அது இல்லை.

இரண்டு வருடம் கழித்து, போர் முடிந்துவிட்டதென்று அறிவித்த நாளும் கரண்ட் போனது. சென்ட்ரிகளில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெருவில் கதவுகள் சாத்தியே இருந்தன. யாருடைய பிள்ளை எங்கே என்று தெரியாத வீடுகள் பல. கரண்ட் வந்தபோது மற்ற மூன்று கம்பங்களும் மஞ்சள் என்று செய்தி வந்தது, எங்களுடையதும் மஞ்சள். அன்று காவல் முறை பாஸுடையது, அவருக்குக் காய்ச்சல். நான் சைக்கிளை எடுத்தேன்.

"வெளிய போகாதீங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், ஜன்னலுக்குள்ளிருந்து.

பாலத்தில் ஒரு ஆமிக்காரப் பெடியன் வெற்றிக்கென்று துண்டு போட்ட பாற்சோற்றைத் தட்டில் நீட்டினான். ஒரு துண்டு எடுத்தேன். எடுக்காமல் போகும் தைரியம் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு கையால் சைக்கிள் ஓட்டுவது கடினம். அக்கரையில் இறங்கியதும் தின்று முடித்தேன். அறைக்குப் போனால் கீழ்மாடிக் கணினி வட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. வீதக் கணக்கு பதினொன்றில் நின்றது. நான் செய்ய ஒன்றுமில்லை. நிறுத்தினால் மறுபடி தொடக்கத்திலிருந்து வரும். வெளியே வெடிச் சத்தம் நிற்கவில்லை. கைத்தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டேன். காற்றுச் சத்தம் கேட்டது. கடற்கரையில்தான் நிற்கிறாள்.

"இன்னும் மஞ்சள்தான்," என்றாள்.

"வாசிச்சு முடியல்ல. நேரமெடுக்கும். எவ்வளவு எண்டு சொல்ல ஏலாது."

"எடுக்கட்டும்."

"நீ உள்ளுக்குப் போ. இண்டைக்கு வெளிய நிக்கிற நாளில்ல."

"நீங்க உங்கட பெட்டியப் பாருங்க," என்றாள். "நான் கடலப் பார்க்கிறன்."